வேலை செய்யும் வயது

மிட்டியாரோ
சனிக்கிழமை மத்தியானம்

அன்பு மகள் மரேட்டாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் அப்பாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இந்த மாதம் அடங்கித்தான் இருக்கிறது, நீயும் மருமகனும் பேத்தியும் அங்கே சுகமாய் இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். ஆக்லாந்தில் குளிர் அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள், குழந்தையை ஈரத்தலையோடு வெளியே விடாதே, நீயும் முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஏரியில் விலாங்கு நன்றாக அகப்படுகிறது, யாராவது விமானம் ஏறினால் பொரித்துக் கொடுத்தனுப்புகிறேன். போனில் கப்பல் சேதியை நான் சொல்லச் சொல்ல லைன் அறுந்துபோனது, அதனால் முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன், மருமகனுக்கும் படித்துக் காட்டு.

போன மாதம் பெரிய தீவு ரரோடோங்காவிலிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பெண் ஒருத்தி வந்திருந்தாள், நல்ல பெண், மரியாதையான பேச்சு. கோவில் கூடத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, பதினைந்து வயதிலிருந்து அறுபத்துநான்கு வரைக்கும் இருப்பவர்கள்தான் வேலை செய்யும் வயதினர், மற்றவர்கள் எல்லாம் அவர்களைச் சார்ந்து இருப்பவர்கள், இந்தத் தீவில் பாதிப் பேர்கூட அந்த வயதில் இல்லை என்று விளக்கினாள். புதிதாக ஒன்றும் இல்லை, உன் வயதுக்காரர்கள் எல்லோரும் ஆக்லாந்திலும் மெல்போர்னிலும் இருக்கும்போது இங்கே யார் மிச்சம்? ஆனால் உன் அப்பா சும்மா இருப்பாரா, எழுந்து, "ஏம்மா, எனக்கு எழுபத்தொண்ணு. காலையில நான் தோண்டின சேம்புக் குழி உன் கணக்குல எங்க வருது?" என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "அது வராது மாமா" என்றாள். "அப்ப நாளையிலேர்ந்து தோண்டல, நீயே வந்து தோண்டு" என்றார். கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் கப்பல் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. போன தடவை சரக்கு இறக்க ஆள் போதாமல் கப்பல் வெகுநேரம் கடலில் நின்றது உனக்குத் தெரியும், அப்படி நின்றால் எரிபொருள் வீணாகிறது, இந்த முறையும் அப்படியானால் இனி மிட்டியாரோவுக்கு வருவதில்லை, உங்கள் சரக்கைப் பக்கத்துத் தீவு அட்டியூவில் இறக்கிவிட்டுப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கே இறக்கினால் நமக்கு எப்படி வந்து சேரும்? மாவும் அரிசியும் டின் மாட்டிறைச்சியும் இல்லாமல் சமாளிப்போம், மீன் இருக்கிறது, கிழங்கு இருக்கிறது. டீசல் இல்லாமல் மின்நிலையம் ஓடாது, மருந்துப் பெட்டிக்குக் குளிர் இருக்காது. இந்த நேரம் பார்த்து, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்குப் படகு ஓட்டும் மட்டாயோ பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரைத் தவிர, தீவைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டின் இடைவழியில் அந்தப் படகை ஓட்டிப் பழகியவர் தீவில் யாரும் இல்லை.

உன்னோடு பள்ளியில் படித்த நூரோவாவை ஞாபகம் இருக்கிறதா, ஆசிரியர் திட்டினால் அழாமல் முறைத்துப் பார்ப்பாளே, அவள்தான். போன வருஷம் இரண்டு பிள்ளைகளோடு ஆக்லாந்திலிருந்து திரும்பி வந்தாள். இன்றைக்கு மின்நிலையத்தில் அவள், மண் அள்ளும் இயந்திரத்தில் அவள், விமானம் வரும் நாளில் தீயணைப்பு வண்டியில் அவள், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவிலும் அவள். மட்டாயோவிடம் போய், "நான் ஓட்டறேன் மாமா, நீங்க கரையில நின்னு கையக் காட்டுங்க" என்றாள். அவர், "முறிஞ்ச கையவா?" என்றார். "நல்ல கையக் காட்டுங்க, போதும்" என்றாள். கப்பல் வருவதற்கு முன்பு இருந்த நாட்களில் வெறும் படகை அந்த வழியில் ஓட்டி ஓட்டிப் பழகினாள். முதல் நாள் பாறையில் உரசிய சத்தம் வீடுவரை கேட்டது, மறுநாளும் போனாள்.

வியாழக்கிழமை காலையில் கப்பல் வந்து திட்டுக்கு வெளியே நின்றது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுத் தலைமையாசிரியரும் மனைவியும் வந்தார்கள், நர்ஸ் வந்தாள், போதகர் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார், மற்றபடி எல்லோரும் எங்களைப் போன்ற நரைத்த தலைகள்தான். இறங்குதுறையிலிருந்து கிடங்குவரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மூட்டைகளைக் கடத்தினோம். முதல் நடையில் கப்பல் ஆள் ஒருவன் படகோடு கரைக்கு வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, சரக்கு இறக்க வந்தீங்களா, ஜெபக் கூட்டத்துக்கு வந்தீங்களா?" என்றான். நூரோவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "ரெண்டும்தான். பேசாம கயித்தப் பிடி" என்றாள். அவன் கயிற்றைப் பிடித்தான்.

மத்தியானத்துக்கு மேல் அலை கூடிவிட்டது, டீசல் டிரம்கள் மட்டும்தான் பாக்கி. அவற்றை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, இடைவழிக்குள் நுழைந்த இடத்தில், படகின் என்ஜின் நின்றுவிட்டது. மரேட்டா, அந்த இடம் உனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் பாறை, பின்னால் அலை. படகு மெல்லப் பக்கவாட்டில் திரும்புகிறது, நூரோவாவின் சின்னவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவன் கண்ணை மூட எனக்குக் கை வரவில்லை. அவள் கத்தவில்லை. கம்பை ஊன்றிப் படகின் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கூடப் படகில் இருந்த கப்பல் ஆளைக் கரைக்குக் கயிற்றை எறியச் சொன்னாள். முதல் எறி தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதைப் போதகர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் அந்தக் கயிற்றில் இருந்தோம், நான், நர்ஸ், முழங்கால் வலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், எல்லோரும். உன் அப்பாவை நான் தடுக்கப் பார்த்தேன், "தள்ளு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றார். மட்டாயோ நல்ல கையை உயர்த்தித் தாளம் போட்டார், அதற்குத் தோதாக யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள், பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பாக இழுத்தோம். பெரிய அலை ஒன்று படகைத் தூக்கியபோது கயிறு எங்கள் கையை உரித்துக்கொண்டு ஓடியது, ஒருவரும் விடவில்லை. அந்த அலையே படகைத் துறைக்குள் கொண்டுவந்து போட்டது. நூரோவா இறங்கினாள், சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "டிரம்ம யாரு உருட்டறது?" என்று கேட்டாள்.

கேப்டன் அன்றைக்குக் கரைக்கு வந்தார், அவர் இறங்கி நான் பார்த்ததே இல்லை. தேங்காய்ப்பாலில் ஊறிய மீனை இரண்டு தட்டு சாப்பிட்டார், கம்பெனிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அடுத்த முறையும் வருவோம் என்றார். எங்கள் சந்தோஷம் அடங்குவதற்குள் நூரோவாவிடம் திரும்பி, என் கப்பலில் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். தட்டும் கையுமாக எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். அவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை, போகாதே என்று சொல்ல நான் யார், என் சொந்த மகளையே விமானம் ஏற்றி அனுப்பியவள். இன்று காலையில் வாழைப்பழப் பலகாரம் எடுத்துக்கொண்டு மின்நிலையத்துக்குப் போனேன், கையெல்லாம் கிரீஸோடு இருந்தாள். உனக்குப் பிடித்தால் போய்வா கண்ணு, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "போகல அத்தை" என்றாள். "அங்க எனக்கு ஒரே ஒரு வேலைதான் குடுப்பாங்களாம். நாள் பூரா ஒரே வேலையைப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது?" என்று சொல்லிச் சிரித்தாள். திங்கட்கிழமையிலிருந்து தலைமையாசிரியர் மனைவிக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறாளாம்.

நீங்களும் ஆக்லாந்துக்கே வந்துவிடுங்கள் என்று நீ கூப்பிட்டது அன்பினால்தான், எங்களுக்குத் தெரியும். பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். கப்பல் வரும் வாரம் மட்டும் எங்களால் வர முடியாது, தேதியை அப்பா பிறகு சொல்வார். உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக, வேலையில் நல்ல பெயரும் வீட்டில் சமாதானமும் நிலைத்திருக்கட்டும்.

மறந்துவிடாதே, அப்பாவின் மாத்திரையோடு, கயிறு பிடிக்கும் தோல் கையுறை கொஞ்சம் நிறையவே வாங்கி அனுப்பு. பெரிய அளவு இரண்டு மூன்று போதும், மற்றதெல்லாம் பெண்கள் கைக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்கு.

என்றும் உன் நினைவாக,
அம்மா உப்போகோயினா