துரையின் இடது முழங்கால்

ரங்கூன், 1927 மாசி, ஞாயிறு

துரை அமெரிக்காவில் பேர்போன கார் பந்தயக்காரர். அங்கே ஒரு விபத்தில் இடது கண் பார்வை போய்விட்டது. அது மெக்கானிக்கான எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, இடது வளைவு வந்ததும் அவர் இடது முழங்காலில் தட்டுவேன். உடனே திருப்புவார்.

நேற்று குடித்துவிட்டு எல்லார் முன்னாலும் என்னைக் குரங்கு என்றார். அந்தக் கோபத்தில் இன்று பந்தயத்தில் கடைசி இடது வளைவில் தட்டவில்லை. கார் மூங்கில் வேலிக்குள் புகுந்து அவர் கை முறிந்தது. குடிவெறியில் ஓட்டினார் என்று ஊரே பேசுகிறது. இன்று அவர் ஒரு சொட்டும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டார்: "தட்டினாயா, முனியா?"

"தட்டினேன், துரை."

"அப்படியானால் காலும் மரத்துவிட்டது. இனி நான் ஓட்டக் கூடாது."

நாளைக்கு டாக்டர் அந்தக் காலில் ஊசியால் குத்திப் பார்ப்பாராம். துரைக்கு நன்றாகவே வலிக்கும்.