இறங்கினால் நிற்க வேண்டிய வண்டி

மார்ச் 3
கம்பெனியில் அண்ணி ஓட்டுகிற வண்டி இன்று மட்டும் இருபது தடவை நின்றுவிட்டதாம். வேருக்குக் காற்றுப் போகப் புல்தரையில் துளை போடுகிற வண்டி. பின்னால் ஒரு தட்டில் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். தட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஆள் இறங்கினால் எஞ்சின் அணைந்துவிடும். அது தேய்ந்துபோய், சின்ன மேட்டில் குலுங்கினாலே அணைத்துவிடுகிறது.

"மண்ணு ஈரமா இருக்கிற இந்த மூணு வாரந்தான் தம்பி வேலையே. இப்படி நின்னு நின்னு போனா எங்க முடிக்கிறது?" என்று நான் மெக்கானிக்காக இருக்கும் பட்டறைக்கே வந்துவிட்டார். புது சுவிட்ச் வர ஒரு வாரம் ஆகும். சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். இனி ஆள் இறங்கினாலும் எஞ்சின் நிற்காது. பரிசோதனைப் படிவத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஏன் போட்டேன்?

மார்ச் 4
மழை. வண்டி வெளியே போகவில்லை. அப்பாடா.

மார்ச் 6
கிரீஸ் வைக்கிற சாக்கில் மைதானத்துக்குப் போனேன். அண்ணி இறங்கி, குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நியூட்ரலில்தான். ஆனாலும் மெல்ல ஊர்ந்தது, அவர் குதிகாலை நோக்கி. அடியில் மண்ணைத் துளைக்க, விரல் தடிமனில் நாற்பது இரும்புக் குழாய்கள். கத்தினேன்.

"ஏண்டா கத்துறே? ஆமை மாதிரி வருது, நமக்கு நகரத் தெரியாதா?" என்று சிரித்தார்.

எனக்கு எதற்குப் பயம்? அவர் காலுக்கா, என் வேலைக்கா? இரண்டுக்கும்தான். எழுதவே கூசுகிறது.

மார்ச் 8
சாப்பிடும்போது அண்ணனிடம் அண்ணி, "உங்க தம்பி கை பட்டதும் வண்டி பூ மாதிரி ஓடுது" என்றார். நான் பாதியிலேயே கை கழுவ எழுந்துவிட்டேன்.

மார்ச் 10
சுவிட்ச் வந்துவிட்டது. மாட்டினேன். நியூட்ரலில் ஊராதபடியும் சரிசெய்தேன். ஏழு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். ஏழு தடவையும் எஞ்சின் நின்றது. பயம் இன்றுதான் அடங்கியது.

மார்ச் 14
அடங்கவில்லை. எண்ணெய் பார்க்கத் தட்டைத் தூக்கினால், புது சுவிட்ச் தனியாகத் தொங்குகிறது. வயர் இரண்டும் முறுக்கி, டேப் சுற்றி — என்னுடையதைவிட நேர்த்தியாக.

"நீ பண்ணப்போ பக்கத்துலதானே நின்னேன்" என்றார் அண்ணி. "கல்லெடுக்க இறங்கி ஏறுற ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ணி முதுகு விட்டுப்போச்சு. நீயே ஒரு வாரம் அப்படித்தானே ஓட விட்டே? அப்ப ஆபத்து இல்லையா?"

 

மார்ச் 15
மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கையெழுத்தையும் சேர்த்து.  எங்கள் பட்டறையின் மூன்று வண்டிகளையும் நிறுத்தித் திறந்தோம். மூன்றிலும் அதே வயர் முடிச்சு!

மூன்றாம் வண்டி ஓட்டுநர் ஒளிக்கவே இல்லை. "இதுக்குப் பேரே தம்பி முடிச்சுங்க. உங்க அண்ணி சொல்லிக்கொடுத்தாங்க. மத்த பட்டறையிலயும் இதேதான்."

வீட்டில் அண்ணி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 16
காலையில் பட்டறை வேனில் ஏறியபோது அண்ணி ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் மற்ற மூன்று பட்டறைகளுக்கும் போனோம். நான் முடிச்சைப் பிரித்து சுவிட்சை மாட்ட, அவர் டார்ச் பிடித்தார். எட்டு வண்டிகள். ஒன்பதாவது வாடகைக்குப் போயிருக்கிறதாம், ஏதோ ஒரு சரிவுக்கு. ஓட்டுநரின் எண்ணை வாங்கி அண்ணிதான் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். ஆறாவது தடவை எடுத்தார். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்:

"ஒண்ணும் கேக்கலைங்க. இருங்க, இறங்கிப் பேசுறேன்."

"இறங்காதே!" அண்ணி அலறிவிட்டார். "அப்படியே நில்லுப்பா, மொதல்ல சாவியைத் திருப்பு, சாவியைத் திருப்பு!"

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.  போனில் இரைச்சல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அது நின்றது.

"இப்ப சொல்லுங்க" என்றார் அவர்.

அண்ணி போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.