வெள்ளை வேட்டியும் காட்டுமாடும்

ஐப்பசி 9, ஞாயிறு இரவு

சிறுமலை அடிவாரத்தில் மகள் ஸ்டெல்லா காலையில் எடுத்த படம் அருமையாக வந்திருக்கிறது. மேலே மழைமேகம், பின்னால் முழு மலை, சரிவில் தலை நிமிர்ந்த ஒற்றைக் காட்டுமாடு. ஓரத்தில் வெள்ளை வேட்டியோடு நான்.

"பாறைக்குப் பின்னாடி செத்த நேரம் உக்காருங்கன்னுதானப்பா சொன்னேன்?" என்றாள். உட்கார்ந்துதான் இருந்தேன். மாட்டைப் பார்க்கும் ஆசையில் எழுந்துவிட்டேன்.

காட்டுயிர்ப் படப் போட்டிக்கு அனுப்ப இன்றுதான் கடைசி நாள். படத்தின் ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், உள்ளே இருப்பதை அழிக்கக் கூடாதாம். என்னை வெட்டிப் பார்த்தாள். என்னோடு மலை உச்சியும் போய்விட்டது. மாடு ஏதோ மண்மேட்டில் நிற்பதுபோல் இருந்தது.

"கல்யாண போட்டோவுலயே கண்ண மூடிட்டு நின்ன மனுசன்தான இவரு," என்றாள் என் மனைவி.

மகள் என்னைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாள். வேட்டியின் பளபளப்பை மட்டும் குறைத்தாள். "இருந்துட்டுப் போங்கப்பா. நீங்க இத்துனூண்டு நிக்கிறதாலதான் மலை அம்புட்டு பெருசுன்னு தெரியுது."

அனுப்பிவிட்டாள். பரிசு கிடைக்காவிட்டாலும் என்னைக் குறை சொல்லமாட்டாள். அதுதான் உறுத்துகிறது.

அவள் தூங்கியபின் மற்ற படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் மாடு குனிந்து மேய்கிறது. நான் எழுந்து நின்ற இந்த ஒன்றில்தான் நிமிர்ந்திருக்கிறது. நேராக என்னைத்தான் பார்க்கிறது. காலையில் சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பார்கள். அந்த மாடு மட்டும் அப்போது ஒரு எட்டு முன்னால் வைத்திருந்தால்...

வேண்டாம், படுக்கிறேன்.