சோதனையாளர் அழிசியின் நாவைக் காக்க விடுத்த ஓலை

வாழி நீர்மலை நாடு! காலந்தோறும் மழை பொழிக. களந்தோறும் நெல் குவிக.

பெருந்தேவி நன்முல்லையாரின் ஆணையால், அரசப் பள்ளியில் முப்பதாண்டு இலக்கணம் பயிற்றி ஓய்வுற்று, இப்பொழுது அறங்கூறவைக்குத் தலைமை தாங்கும் மாசேந்தன், கல்வாயிற் கோட்டைத் தலைவர் வயமானார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் அரணும் குடியும் நலமுறுக.

தங்கள் குற்ற ஓலை கிடைத்தது. அதில் ஒருமை பன்மை மயங்கிய இடங்கள் ஏழு. அவற்றைத் திருத்தி இத்துடன் அனுப்பியுள்ளோம். அறம் மயங்கிய இடம் ஒன்று. அதனைத் திருத்தவே இவ்வோலை.

விருந்து நாளில் உணவுச் சோதனையாளர் அழிசி மீன்புளிக்குழம்பை முதற்கண் உண்டு, நன்றென்றார். சோதித்த பின் ஒரு நாழிகை பொறுத்தே பரிமாறுவது நம் நாட்டு வழக்கம். விருந்தினர் பசித்திருக்கின்றனர் என்று கூறித் தாங்கள் அந்த நாழிகையை நீக்கினீர்கள். சற்று நேரத்தில் அழிசி அவை நடுவே வாந்தியெடுத்து, எவரும் உண்ண வேண்டா என்று கூவிக் கலத்தைக் கவிழ்த்தார். முன்னரே உண்ட நால்வர் நோயுற்றுத் தேறினர், ஏனையோர் தப்பினர். தாங்களோ, அவர் தீங்கறிந்தே பொய்யுரைத்தார் எனத் தீர்ப்பளித்து, வரும் முழுநிலவில் அவர் நாவை அறுக்கப் பணித்துள்ளீர்கள். நாக்கு நல்லதென்றதாம், வயிறு பொல்லாததென்றதாம், இவனுக்கென்ன இரண்டு வாயோ என்று மடைப்பள்ளியார் எள்ளி நகைத்ததையும் சான்றாக எழுதியுள்ளீர்கள். நகைப்பு எந்நாளில் சான்றாயிற்று?

அரண்மனை மருத்துவர் வெண்பூதியார் அவைமுன் உரைத்ததைக் கேட்பீராக. குடலின் உட்சுவர் நுண்ணிய உயிரணுக்கள் நெருங்கி அமைந்த பரப்பு. அவற்றுட் பெரும்பாலானவை உணவின் சத்தை உறிஞ்சுவன. நூற்றுக்கு ஒன்றளவே உணர்வன. அவ்வரிய அணுக்களின் மேல்முனை, மயிரினும் மெல்லிய நீட்சிகளோடு, உணவு செல்லும் வழியை நோக்கியிருக்கும். அடிப்புறம் நரம்பை அடுத்திருக்கும். சில, இனிப்பையும் கொழுப்பையும் அறிந்து, பசி அடங்குக என்று குருதிவழியே செய்தி விடுக்கும். சில, உடலுக்கு ஒவ்வாதது வரின் ஒருவகை நீரைக் கசியவிடும். அதனை ஏற்ற நரம்பு மூளைக்கு உரைக்க, மூளை வாந்தியை ஏவும். நாவின் அறிவு வேறு. இவற்றின் அறிவு வேறு. ஒன்று அறிந்ததை மற்றொன்று அறியாமை பொய்யாகாது.

தங்கள் மடைப்பள்ளி உருளியை வரவழைத்துப் பார்த்தோம். ஈயப்பூச்சுத் தேய்ந்து செம்பு வெளிப்பட்டிருந்தது. முதல்நாளே ஊற்றி வைத்த புளி அச்செம்பைக் கரைத்தது. புளிப்பும் மிளகின் காரமும் அதனை நாவுக்கு மறைத்தன. குடலுக்கு மறைக்க இயலவில்லை. நன்றென்றபோது அழிசி தம் நா அறிந்ததை உரைத்தார். வேண்டாவென்றபோது தம் வயிறு அறிந்ததை உரைத்தார். இருமுறையும் மெய்யே. தவறியது அந்த ஒரு நாழிகை. அதனைத் தவறவிட்டவர் தாங்கள்.

ஆதலின் ஆணை: ஓலை கண்டவுடன் அழிசியின் தளையை நீக்குக. ஈயம் பூசாத கலத்தில் புளியை வையற்க. இனி ஓராண்டு, விருந்துதோறும் தாங்களே அவர் அருகமர்ந்து, அவர் உண்ட ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் உண்டு, நாழிகை நிறையுமளவும் எழாதிருக்க.

முழுநிலவுக்கு மூன்று நாள் உள. தூதரின் குதிரைக்கு இரண்டு நாள் போதும். ஓலை பிந்தி வந்தது என்னும் மறுமொழி ஏற்கப்படாது.

பெருந்தேவியின் நாரை இலச்சினை பொறித்து விடுத்தோம். பெற்றமைக்குத் தங்கள் கையொப்பம் வேண்டா. அழிசி எம் அவைக்கு வந்து, வந்தேன் என்று தம் வாயாற் சொல்வதே எமக்குச் சான்று.