காகம் இருக்கிற தீவாகப் பார்த்து

எப்போதும் பிந்தியே வரும் என் அருமை அப்பாவுக்கு,

முதலில் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லோரும் மாலைதீவுக்குப் போகப்போகிறோம். அம்மாவும்தான். ஓம், வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டிப் போவதற்கே ஆயிரம் சாட்டுச் சொல்கிற அதே அம்மாதான், கடல் நடுவில் ஒரு தீவில், சொகுசு ஹோட்டலில் நிற்கப்போகிறார். "அப்பாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடு பிள்ளை" என்று நேற்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கதைக்க எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

இது அண்ணாவின் யோசனை. அம்மாவுக்கு எழுபது வயதாகிறது. ரொறன்ரோவில் இருந்து அண்ணா குடும்பமும், மெல்பேணில் இருந்து தம்பி குடும்பமும், இங்கிருந்து அம்மாவும் நானும் ஓரிடத்தில் சேரவேண்டும் என்றான். கொழும்புக்கே வாவன் என்றேன். "கொழும்புக்கு வந்தா அம்மா விடிஞ்சாப் பொழுதுபட்டாக் குசினிக்குள்ளதான் நிப்பா. அவவைக் குசினியால வெளியில எடுக்கவேணுமெண்டாக் கடலுக்கதான் கொண்டுபோய் விடவேணும்" என்றான். அது உண்மைதான்.

நீங்கள் போனபிறகு நாங்கள் நாலு பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? செத்தவீட்டுக்கே அண்ணாவால் வரமுடியவில்லை. அவனுடைய கடவுச்சீட்டு கைக்கு வராத காலம் அது. மூத்தவன் இருக்கத் தம்பிதான் உங்களுக்குக் கொள்ளி வைத்தான். அதைப் பற்றி அண்ணா இன்றுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை. ஆனால் தொலைபேசியில் உங்கள் பேச்சு வந்தால் உடனே காலநிலை விசாரிக்கத் தொடங்கிவிடுவான்.

மாலைதீவு என்றதும் அம்மா குசினிச் சுவரைத்தான் பார்த்தார். நீங்கள் கொண்டுவந்த அந்தக் கலண்டர்ப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் வேலை செய்த கொச்சிக்கடைக் கப்பல் கந்தோரில் வருடா வருடம் தருகிற கலண்டர். வருடம் முடிந்ததும் திகதிகளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, வெள்ளை மணலும் தென்னைகளும் உள்ள படத்தை மட்டும் அம்மா வைத்துக்கொண்டார். "பென்சன் எடுத்தவுடன அங்கதான் உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்" என்று நீங்கள் சொல்லாத வருடம் உண்டா? உங்கள் கந்தோரில் இருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிழமை தவறாமல் மாலைதீவுக்குப் போகும். "வெங்காயம் குடுத்துவைச்சது. நான் குடுத்துவைக்கேல்லை" என்பார் அம்மா. நீங்கள் சிரித்துச் சமாளிப்பீர்கள். பென்சன் வந்தது, கூடவே நெஞ்சுவலியும் வந்தது. தேன்நிலவுக்குக் கல்கிசைக் கடற்கரையில் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமோடு அம்மாவின் சுற்றுலாக் கணக்கு நின்றுபோயிற்று.

ஹோட்டல் தெரிவு செய்வது இவ்வளவு பெரிய வேலை என்று நான் நினைக்கவில்லை அப்பா. தீவுக்கு ஒரு ஹோட்டல், ஹோட்டலுக்கு ஒரு தீவு. ஞாயிறு வந்தால் மூன்று நாட்டிலும் மூன்று திரையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். அண்ணாவுக்குக் கடலுக்கு மேலே கால் நட்டுக் கட்டிய வீடு வேண்டும், நிலம் கண்ணாடியாக இருக்கவேண்டும். தம்பிக்குப் பவளப்பாறை பக்கத்தில் இருக்கவேண்டும். அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலுக்குக் கீழ மீன் ஓடித்திரிஞ்சா நான் என்னண்டு நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டார்.

கூரையில்லாத குளியலறை ஒன்றைத் தம்பி பெருமையாகக் காட்டினான். "இதை முதல் கட்டி முடிக்கச் சொல்லு, பிறகு போவம்" என்றார்.

அப்படி நக்கல் அடித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிட்டார். அண்ணாவின் கண்ணாடி வீடு கிட்டத்தட்ட முடிவாகி, எல்லோருக்கும் விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. மடியில் பஞ்சாங்கக் கலண்டரை வைத்துக்கொண்டு அம்மா சொன்னார்: "பிள்ளை, அப்பான்ர திதி அந்தக் கிழமைக்கதான் வருது."

எங்கள் மூன்று பேரின் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். நீங்கள் போன இங்கிலீஷ் திகதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அது பயணத்துக்கு முதல் கிழமையே வந்துபோய்விடும், திவசத்தை முடித்துக்கொண்டு அம்மா நிம்மதியாக வருவார் என்று நாங்களே பெரிய மனிதர்களாக முடிவு கட்டிவிட்டோம். திதி வருடத்துக்கு வருடம் நகரும் என்பது ஒருவருக்கும் மூளையில் தட்டவில்லை. அம்மாவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவருக்கு வைத்த விருந்து என்பதால் அவரிடம் மட்டும் நாங்கள் நாள் கேட்கவில்லை.

"நீங்கள் எல்லாரும் சந்தோசமாப் போட்டு வாங்கோ. நான் இஞ்ச நிண்டு திவசத்தைப் பாக்கிறன்" என்றார் அம்மா. கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்குத் திரையில் சரியான சண்டை. லீவை மாற்ற முடியாது என்றான் அண்ணா. கோயிலில் ஐயரிடம் சொல்லி மோட்ச அர்ச்சனை செய்விக்கலாம் என்றேன் நான். "அங்கயும் மரக்கறிச் சாப்பாடு இருக்குத்தானே அம்மா, படைச்சுப்போட்டுச் சாப்பிடுவம்" என்றான் தம்பி.

"படைக்கலாம். காகத்துக்கு எங்க போறது?" என்று கேட்டார் அம்மா.

அண்ணா, தம்பி இரண்டு பேருக்கும் அந்தக் கேள்வியின் பாரம் தெரியாது, எனக்குத் தெரியும். ஒவ்வொரு திவசத்துக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான். புழுங்கலரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு என்று நீங்கள் விரும்பிச் சாப்பிடுவதெல்லாம் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துப் பல்கனிச் சுவரில் வைப்பார். காகம் வந்து வாய் வைக்கும்வரை அவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். மற்ற நாளில் வடகம் காயப்போட விடாமல் நிரையாக வந்து நிற்கிற காகங்கள் அன்றைக்கென்று பார்த்து வராமல் மினக்கெடும். கரையோர ரயில் இரண்டு போய்விடும், கறி ஆறிவிடும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்து, "இஞ்சாருங்கோ, ஆறப்போகுது, வாங்கோவன்" என்று மெதுவாகக் கூப்பிடுவார். கடைசியில் ஒன்று வரும். "கந்தோரில இருந்தும் இப்பிடித்தான். ஒருநாளும் நேரத்துக்கு வந்த மனுசன் இல்லை" என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைப்பார். வருடத்தில் அந்த ஒருநாள்தான் அவர் உங்களோடு நேரே கதைக்கிறார் அப்பா. அதை எப்படி விட்டுவிட்டு வரச் சொல்வது?

மறுநாள் வேலையிடத்தில் இருந்தே அண்ணாவின் கண்ணாடி வீட்டு ஹோட்டலுக்கு அழைப்பு எடுத்தேன். எடுத்த பெண் தேன் ஒழுக ஆங்கிலத்தில் கதைத்தார். தீவில் காகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"இல்லவே இல்லை மேடம். அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாதீர்கள். காகங்களைப் பிடித்து அகற்றுவதற்கென்றே ஆட்கள் வைத்திருக்கிறோம். எங்கள் தீவில் ஒரு காகத்தைக்கூட நீங்கள் பார்க்கமாட்டீர்கள்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். வேறு சில தீவுகளுக்கும் எடுத்தேன். எல்லோரும் அதையே சொன்னார்கள், அதுவும் பெருமையாக. விருந்தாளிகளுக்குக் காகம் பிடிக்காதாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "பாவங்கள், அதுகளுக்கும் பசிதானே" என்று மட்டும் சொன்னார். பிறகு, பயணத்துக்கென்று வாங்கி வைத்த புதுச் செருப்பைப் பெட்டியோடு அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். அம்மா வரமாட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் மகளின் தொழில் என்ன என்று மறந்திருக்கமாட்டீர்கள். காப்புறுதிக் கம்பனியில் முறைப்பாடுகள் வாசிக்கிறவள். "நாள் முழுக்க மற்றவையின்ர புலம்பலைக் கேட்டுச் சம்பளம் வாங்கிறாள்" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது ஒன்றுதான். விளம்பரத்தில் எழுதாததை எல்லாம் கோபக்காரன் எழுதிவிடுவான். அதனால் இணையத்தில் ஹோட்டல்களைப் புகழ்ந்தவர்களை விட்டுவிட்டுத் திட்டியவர்களைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். நுளம்பு கடிக்கிறது என்று ஒருவர், கோப்பி ஆறிப்போய்விட்டது என்று ஒருவர், மழை பெய்தது என்று ஒருவர். மழைக்கு ஹோட்டல் என்ன செய்யும்?

அப்படி வாசித்துக்கொண்டு போனபோது அகப்பட்டார் ஒரு வெள்ளைக்காரர். அவர் எழுதியிருந்தது இதுதான்: "காலை உணவு மேசையில் இருந்த என் பான்கேக்கை ஒரு காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஊழியரிடம் முறையிட்டேன். சிரித்துக்கொண்டே வேறொன்று கொண்டுவந்தார். அதையும் அதே காகம் தூக்கியது. இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்."

குசினிக்குள் ஓடிப்போய்த் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மா அகப்பையை வைத்துவிட்டு, திருப்பி ஒருக்கால் வாசி என்றார்.

"ரெண்டாவதையுமோ?"

"ஓம் அம்மா. அதே காகம்தானாம்."

அப்பா, அம்மா சிரித்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "காலமைச் சாப்பாடு எண்டா அப்பாவுக்கும் ரெண்டாந்தரம் வேணும்" என்றார். சிரித்து முடித்த பிறகு கலண்டர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "அவர் வாறதெண்டா நானும் வாறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாவுக்குச் சொன்னோம். அவனுக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, உனக்கென்ன விசரே? எல்லாரும் காகம் இல்லாத இடமாப் பாக்க, நீ காகம் இருக்கிற இடமாத் தேடுறாய். அது பழைய ஹோட்டல். கடலுக்கு மேல வீடும் இல்லை, கண்ணாடியும் இல்லை. அம்மான்ர எழுபதுக்கு நல்ல இடம் ஒண்டு குடுக்க வேண்டாமே?"

அம்மா போனை என் கையில் இருந்து வாங்கினார். "மோனை, கண்ணாடிக்குக் கீழ மீனைப் பாத்து நான் என்ன செய்யப்போறன்? என்ர மனுசன் சாப்பிட்டிட்டார் எண்டு தெரிஞ்சா எனக்கு அது காணும்."

திரையில் அண்ணாவின் முகம் போய் வீட்டு முகடு தெரிந்தது, போனை மேசையில் வைத்துவிட்டான் போல. அம்மாவும் நானும் தம்பியும் அந்த ரொறன்ரோ முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு குரல் மட்டும் வந்தது.

"அப்ப... அண்டைக்குச் சோறு நான் வைக்கலாமோ அம்மா?"

"நீதானே வைக்கவேணும், ராசா. நீதானே மூத்தவன்" என்றார் அம்மா.

அவன் அழுதது எல்லோருக்கும் கேட்டது. இந்த முறை அவன் காலநிலை விசாரிக்கவில்லை.

அந்த ஹோட்டலுக்கே இடம் பதிந்துவிட்டேன். ஒருநாள் காலையில் மரக்கறிச் சமையலும் ஒரு வாழையிலையும் வேண்டும் என்று கேட்டு அழைப்பு எடுத்தேன். கடைசியில் காகத்தைப் பற்றி வாய் திறந்தேனோ இல்லையோ, ஹோட்டல் முகாமையாளர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார். பக்கத்துத் தீவில் இருந்து பறந்து வருகின்றனவாம், நாங்கள் வருவதற்குள் துரத்திவிடுவார்களாம். "ஐயோ, துரத்திப்போடாதேங்கோ!" என்று நான் தமிழில் கத்தி, பிறகு ஆங்கிலத்தில் கெஞ்சினேன். நாங்கள் திரும்பிப் போகும்வரையாவது அவற்றைச் சும்மா விடுங்கள் என்றேன். அப்படியே செய்கிறோம் மேடம் என்றார் மனிதர். என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ?

அது முஸ்லிம் நாடு, சாமிப் படம், விளக்கு ஒன்றும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்கிறார்கள். "சோத்துக்கு ஆர் என்ன சொல்லப்போகினம்?" என்று அம்மா அதை அத்தோடு விட்டுவிட்டார். அர்ச்சனைக்கு இங்கே ஐயரிடம் சொல்லியாயிற்று. புதுச் செருப்பு அலமாரிக்கு மேலே இருந்து இறங்கிவிட்டது. அண்ணாவுக்கென்று உங்கள் வேட்டி ஒன்றைத் தோய்த்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறார்.

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது அப்பா. எங்கள் பல்கனிக் காகம் அவ்வளவு கடல் தாண்டி வராது. அந்தத் தீவில் இருப்பது வேறு காகம். உங்களுக்கு இடம் பிடிபடுமா? அம்மாவிடம் இதைக் கேட்டேன். "அவ்வளவு வெங்காயத்தை அனுப்பின மனுசனுக்கு வழி தெரியாதே?" என்றார்.

அன்றைக்கு மணலில் இலை போட்டதும் அம்மா கூப்பிடுவார். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னீர்கள். இப்போது அவர் முன்னால் போய் உங்களைக் கூப்பிடப்போகிறார், அவ்வளவுதான். இந்த ஒருக்காலாவது நேரத்துக்கு வரச்சொல்லி எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். வழக்கம்போலப் பிந்தினாலும் பரவாயில்லை. நீங்கள் வந்து வாய் வைக்கும்வரை பேரப்பிள்ளைகள் உட்பட எங்களில் ஒருவரும் கரண்டியைத் தொடமாட்டோம். இது சத்தியம்.

பசியோடு காத்திருக்கப்போகும்,
உங்கள் நடுவிலாள்