அக்காவின் வயிற்றில் குடியேறியவை

திருச்செங்கோடு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமா,

நானும் பாப்பாவும் சுகம். போர்வெல் ரிக் வண்டியில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் காதிலும் விழும். அதனால் சத்தீஸ்கர் திரும்பும் மணியன் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

செய்தி உங்கள் அக்காவைப் பற்றியது. பயப்படாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறார்.

பல் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிட்ட பிறகு அவருக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். ஆள் பாதியாகிவிட்டார். உங்கள் மச்சான் கெங்கவல்லியிலிருந்து சேலத்துக்குக் கூட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

டாக்டர் அறிவுச்செல்வி பொறுமையாக விளக்கினார். "குடலுக்குள்ள நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்குதுங்க. பல்லுக்குச் சாப்பிட்ட மாத்திரை அதுங்களையும் அழிச்சிருச்சு. காலியான எடத்துல ஒரு கெட்ட கிருமி பெருகிக் கெடக்குது" என்றார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாக அக்காவின் குடலுக்குள் செலுத்த வேண்டுமாம். முகம் சுளிக்காதீர்கள், நானும் முதலில் சுளித்தேன்.

மச்சானுக்குச் சர்க்கரை. அவர் மகன் சித்தார்த் போன மாதம்தான் டைபாய்டுக்கு மருந்து சாப்பிட்டான். மிச்சம் நான்தான். ரத்தம், மலம் எல்லாம் சோதித்து என்னைத் தேர்வு செய்தார்கள்.

நம் கல்யாணத்தை அக்கா ஏற்கவில்லை. அதற்காக நீங்களும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டீர்கள். யாருடையது என்று அவரிடம் சொல்லாமலே செய்துவிடலாம் என்று மச்சான் கெஞ்சினார். டாக்டர் ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. நானே போய், "அண்ணி, நான் குடுக்கறேனுங்க" என்றேன். அவர், "இதுனால உனக்கு ஒண்ணும் ஆயிராதில்ல சாமி?" என்று கேட்டார். அவர் என்னை வாஞ்சையாகச் சாமி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. ஒன்றும் ஆகாது என்று தலையை ஆட்டினேன்.

குழாய் வழியாகச் செலுத்திய அந்த வாரமே போக்கு நின்றது. இந்தக் கிருமிகளில் பலவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கஷ்டமாம். அதனால் மரபணுவைப் படித்து, எவை எவை இருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள். டாக்டர் இரண்டு படங்கள் காட்டினார், ஒவ்வொரு வகைக் கிருமிக்கும் ஒரு நிறம். சிகிச்சைக்கு முன் எடுத்ததில் ஏறக்குறைய ஒரே நிறம். பின்னால் எடுத்ததில், என்னுடையதைப் போலவே பல நிறங்கள். மச்சான் உடனே, "என்ற சக்கரைக்கும் இதே பண்ணலாங்களா?" என்று கேட்டார். அதையெல்லாம் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்களாம்.

சிலருக்கு இந்த நோய் திரும்பவும் வருமாம். வந்தால் இன்னொரு முறை கொடுக்க நான் இருக்கிறேன். எனக்குப் பயமில்லை.

நேற்று பார்க்கப் போனபோது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவன் மேலுக்கு நல்லா இருக்கறானா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மாமா, என் பொருட்டு நிறுத்திய பேச்சை என் பொருட்டே தொடங்குங்கள். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் இறங்கும் இடமெல்லாம் நல்ல தண்ணீர் கிடைக்கட்டும்.

உங்கள்
தீபிகா