லென்ஸ் இல்லாமல் ஒரு கல்யாணப் படம்

ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் கோபமும் நலமாகத்தான் இருப்பீர்கள். "அம்பத்திரண்டு வயசுல கல்யாணமா? ஊரே சிரிக்கும், நான் வரமாட்டேன்"னு கத்திவிட்டுப் போனை வைத்தவன், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அதனால்தான் கடிதம். தேதி மாறாது. மார்ச் பத்து, பதிவு அலுவலகம். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ரொட்டிக் கடைக்காரர் அன்றைக்குக் கடை விடுமுறை என்று பலகையே எழுதிவிட்டார்.

ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுக்கிற தம்பி வராவிட்டால் என் கல்யாணத்துக்குப் படம் இல்லாமல் போய்விடுமா? நீ இங்கே போட்டுவிட்டுப் போன பழைய ஃபிலிம் கேமராவைப் பிரித்துவிட்டேன். லென்ஸும் ஷட்டரும் ஒன்றாகவே கழன்று வந்தன. அந்த இடத்தில் குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகடு, அதன் நடுவில் என் தையல் ஊசியால் ஒரு துளை, திறந்து மூடக் கறுப்பு டேப். பின்ஹோல் கேமரா தயார்! அவரை எடுத்த முதல் படம் இத்துடன். கொஞ்சம் மங்கல். மீசை தெரிகிறது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 19

அக்கா,

என் முதல் கேமரா அது. யாரைக் கேட்டுக் கை வைத்தாய்?

படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அது மீசையா, கரப்பான் பூச்சியா? துணி தைக்கிற பழக்கத்தில் ஊசியை அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்திருக்கிறாய். முனை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். பிசிரை உப்புத்தாளால் தேய். தகட்டின் உட்புறத்தைக் கறுப்பாக்கு. நிழலில் எட்டு வினாடி திறந்து வை, கேமரா ஆடக் கூடாது.

கல்யாண விஷயத்தில் என் முடிவு மாறவில்லை.

தம்பி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். படத்தைப் பார், அலமாரி ரொட்டிகளை எண்ணிவிடலாம். வாசலில் ஆள் கூப்பிட்டும் அவர் அசையவில்லை.

துளையைப் பற்றி அவ்வளவு எழுதினாயே, அவரைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? உன் அனுமதிக்காக நான் காத்திருக்கவில்லை. ஆனால் நீ வராவிட்டால் எனக்கு வலிக்கும். என் பக்கத்து ஆள் என்று நிற்க உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

படத்துக்குக் கவலை இல்லை. நாங்கள் இருவரும் உட்காருவோம். டேப்பைத் திறந்து மூட அலுவலக வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ச்மேனா? டேப்பைப் பிடுங்குகிற வேகத்தில் கேமராவே கீழே விழும்!

இரண்டாவது படத்தை ஸ்டூடியோ மேஜையில் வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிற மாப்பிள்ளைகளை ஒரு நொடி அசையாமல் நிறுத்துவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். இந்த மனுஷர் எட்டு வினாடியும் கேமராவைப் பார்க்காமல், அதன் பின்னால் நின்ற உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ இத்தனை வருஷம் தனியாக இருந்தபோது உன்னை யார் அப்படிப் பார்த்தார்கள்? நான்கூடப் பார்க்கவில்லை.

ஊர் சிரித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். வாட்ச்மேனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாமாவிடம் நான் வருகிறேன் என்று சொல்.

உன் தம்பி